முகம் நிற்கணும், முந்தானை ஓடணும்: ஸ்டுடியோவில் அசைவைப் படம் பிடிப்பது எப்படி?

மும்பை அந்தேரி மேற்கில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன ஸ்டுடியோ ஒன்றில், போன மழைக்காலத்தில் ஒரு பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. தாராவிப் பையன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு வருஷமாகக் கல்யாண வீடுகளில் கேமரா பிடிக்கிறான். பத்திரிகை அட்டைகளில் பார்த்திருப்பீர்கள்: மாடலின் முகம் கண் இமை வரைக்கும் துல்லியமாக இருக்கும், உடுத்திய துணி மட்டும் புகைபோல இழுபட்டுப் போகும். அப்படி ஒன்றை எடுத்துப் பார்க்கணும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை.

"அண்ணே, இது ஃபோட்டோஷாப்ல செய்றதுதானே?"

இல்லை. கேமராவுக்குள்ளேயே, ஒரே கிளிக்கில் முடிகிற வேலை. ஆனால் அந்த ஒரு கிளிக்குக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

மும்பையில் சால் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களுக்குக் காலைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குடத்தைக் குழாயடியில் வைத்திருக்கிறீர்கள். குழாய் மெலிதாக ஒழுகுகிறது. எவ்வளவு நேரம் வைக்கிறீர்களோ அவ்வளவு தண்ணீர். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைச் சடாரென்று அதில் கவிழ்த்துவிட்டுப் போகிறார். அந்தச் சொம்புக்கு நேரக்கணக்கு கிடையாது. குடம் குழாயடியில் ஒரு நிமிஷம் இருந்தாலும் பத்து நிமிஷம் இருந்தாலும் அது ஒரு சொம்புதான்.

எரிந்துகொண்டே இருக்கும் விளக்குதான் குழாய். ஃபிளாஷ் சொம்பு. குடம் வைத்திருக்கும் நேரம் ஷட்டர் ஸ்பீட், அதாவது கேமராவின் கதவு திறந்திருக்கும் நேரம். குடத்தின் வாய் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம். அதைச் சுருக்கினால் குழாய்த் தண்ணீரும் குறையும், சொம்புத் தண்ணீரும் குறையும். கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவும் அதேபோல இரண்டையும் சேர்த்தே ஏற்றி இறக்கும். ஆக, ஃபிளாஷை மட்டும் கூட்டிக் குறைக்க ஃபிளாஷின் பவர், விளக்கு வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைக்க ஷட்டர் ஸ்பீட். இரண்டு கைப்பிடிகள், இரண்டு படங்கள்.

கணக்காகப் பார்ப்போம். ஷட்டரை 1/125 வினாடியிலிருந்து 1/4 வினாடிக்குக் கொண்டுவந்தால் ஐந்து ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும். அதாவது விளக்கு வெளிச்சம் 32 மடங்கு கூடுகிறது, ஃபிளாஷ் இம்மியும் மாறுவதில்லை. சாதாரணமாக ஸ்டுடியோவில் 1/125, 1/160 என்று வைத்துச் சுடும்போது அறை விளக்கு படத்தில் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். அது அங்கேயே இருக்கிறது, குடம் நிரம்ப நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அசைவும் இப்படியே பிரிகிறது. வீசிய முந்தானை வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் வினாடியில் அது அரை மீட்டர் நகர்ந்துவிடும். விளக்கு எடுக்கும் படத்தில் அரை மீட்டருக்கு இழுபட்ட வண்ணம். ஃபிளாஷ் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு வினாடி நீடித்தால் அந்த நேரத்தில் முந்தானை நகர்வது இரண்டே மில்லிமீட்டர்; கண்ணுக்கு அது உறைந்து நிற்கிறது. ஒரே முந்தானை, ஒரே கிளிக். ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது.

புது வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1930களிலேயே மின் ஃபிளாஷை வைத்து அசைவை உறைய வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்த புகைப்படக்காரர் ஜியான் மிலி, 1949இல் ஓவியர் பிக்காசோவை இருட்டறையில் நிறுத்தி, கையில் சின்ன மின்விளக்கைக் கொடுத்துக் காற்றில் வரையச் சொன்னார். ஷட்டர் திறந்தே இருந்தது. விளக்கு போன வழியெல்லாம் கோடாகப் பதிந்தது. ஃபிளாஷ் வெட்டிய ஒரு கணத்தில் பிக்காசோவின் உடம்பும் முறைத்த கண்ணும் பதிந்தன. நாம் முந்தானையில் செய்வதும் அதேதான். அவர் கையில் விளக்கு நகர்ந்தது, இங்கே விளக்கு நிற்க, துணி நகர்கிறது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். இந்த முறையை நான் முதன்முதலில் காசு வாங்கிக்கொண்டு செய்தது ஒரு சேலைக்கடைக்காக. கடை யாருடையது என்பது இருக்கட்டும். பின்னால் வெள்ளைத் திரை, நல்ல பளிச்சென்ற விளக்கு, அரை வினாடி ஷட்டர். மாடல் சுழன்றார், ஃபிளாஷ் அடித்தது, எனக்கு ஒரே பெருமை. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கன்னம் வழியாகப் பின்திரை தெரிகிறது. தோள் பாதி இல்லை. கடைக்காரர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பொண்ணக் கேட்டா பேயக் கூட்டியாந்திருக்கீங்களே."

என்ன ஆனது? படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிக் குடம். கன்னம் இருந்த புள்ளியில் ஃபிளாஷ் ஒரு சொம்பு ஊற்றியது, சரி. ஆனால் அந்தப் பெண் அந்த இடத்தில் இருந்தது கொஞ்ச நேரம். அவர் நகர்ந்த மீதி நேரம் முழுக்க அதே குடத்துக்குள் வெள்ளைத் திரையிலிருந்து வெளிச்சம் கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளைத் திரை என்பது சுவர் அளவுக்கு அகலமான குழாய். முகத்தைக் கரைத்துவிட்டது.

அதனால் ஆரம்பத்தில் கருப்புத் திரை. வேறு பேச்சே இல்லை. காகிதத்தை விட வெல்வெட் நல்லது, வெளிச்சத்தை விழுங்கிவிடும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் துணியாக வாங்கி ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். மாடலைத் திரையிலிருந்து குறைந்தது ஆறேழு அடி முன்னால் நிறுத்துங்கள், விளக்கு திரைமேல் சிந்தாமல் இருக்கும். வெள்ளைப் பின்னணியில் இதைச் செய்யவே முடியாதா என்றால், முடியும். கைதேர்ந்தவர்கள் வெள்ளைத் திரை துணியைத் தின்பதையே அழகாக்கி விடுகிறார்கள். நீங்கள் அதை இரண்டாவது வருஷம் செய்யுங்கள்.

அன்றைக்குப் பையனின் அக்காவே மாடலாக வந்திருந்தாள். மாம்பழ மஞ்சளில் அகலச் சரிகைச் சேலை, கொண்டையில் மாட்டுங்காவில் வாங்கிய இரண்டு முழம் மல்லிகை. கேமராவை டிரைபாடில் பூட்டி, தரையில் டேப் ஒட்டி அவள் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்தோம். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். விளக்கைப் போட்டுக் கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும்.

முதல் படம் எதுவுமே தெரியாத படமாக இருக்க வேண்டும். ஃபிளாஷ் இல்லை, விளக்கு இல்லை, அரை வினாடி, அபெர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100. படம் முழுக்கக் கருப்பாக வந்தால் அறை சுத்தம். எங்களுக்கு வரவில்லை. மூலையில் பச்சையாக ஒரு கறை. ஏசியின் டிஸ்ப்ளேயில் எரிந்துகொண்டிருந்த "24". அடுத்து லேப்டாப் திரை, அடுத்து கதவுக்கு அடியில் வராந்தா டியூப்லைட். ஒவ்வொன்றாக அடைத்தோம். புதியவர்கள் இந்தப் படத்தை எடுப்பதேயில்லை. பிறகு நாள் முழுக்கத் துணியில் என்ன இந்தச் சாயம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, ஃபிளாஷ் மட்டும். முகத்துக்கு முன்னால் சற்று மேலே, வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸ், அதன்மேல் தேன்கூடுபோன்ற கிரிட், வெளிச்சம் பரவாமல் முகத்தோடும் தோளோடும் நிற்பதற்காக. முகம் சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை பவரை ஏற்றி இறக்கிக்கொண்டோம். மூன்றாவது, ஃபிளாஷை அணைத்துவிட்டு விளக்கு மட்டும். பழைய ஸ்டுடியோ ஃபிளாஷ் ஒன்றின் மாடலிங் லைட், அதாவது அதற்குள்ளேயே தொடர்ந்து எரியும் விளக்கு; ஆலஜன் பல்பு. பின்னால் பக்கவாட்டிலிருந்து முந்தானைமேல் மட்டும் படும்படி திருப்பி வைத்தது. முந்தானையை வீசச் சொல்லி, ஷட்டரைக் கால் வினாடி, அரை வினாடி என்று மாற்றிப் பார்த்தோம். துணியின் இழுப்பு முகத்தை விட ஒரு ஸ்டாப் மங்கலாக இருப்பது என் ருசி. சமமாக வைத்தால் கண் முகத்துக்குப் போகாமல் துணியிலேயே சுற்றும். அரை வினாடி பிடித்திருந்தது. நான்காவது, இரண்டும் சேர்த்து.

வந்த படத்தைப் பார்த்துப் பையன் குதித்தான். நான் பெரிதாக்கிக் காட்டினேன். முகத்துக்கு ஓரத்தில் இன்னொரு மூக்கு லேசாகத் தெரிந்தது.

இந்த இரட்டை மூக்குதான் எல்லோருக்கும் வரும் நோய். விளக்கு முந்தானையில் மட்டும்தான் விழ வேண்டும்; ஆனால் அது முகத்திலும் கொஞ்சம் விழுகிறது, முகமும் அசைகிறது, ஆகவே முகத்துக்கும் ஒரு இழுப்பு. மருந்து இரண்டு. ஒன்று, விளக்குக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு கருப்புத் தடுப்பு. மும்பை செட்டுகளில் கட்டர் என்பார்கள். கருப்பு அட்டை ஒன்றை ஸ்டாண்டில் கிளிப் போட்டு மாட்டினாலும் அதே வேலைதான். இரண்டாவது, மாடலைச் சும்மா நிற்கச் சொல்வது.

"அக்கா, தலய ஆட்டாத. கைய மட்டும் வீசு."

"ஒன் மூஞ்சிய ஆட்டாம நீ வீசிக் காட்டுலே பாப்போம்."

அவள் சொன்னதும் நியாயம். கை வீசும்போது தலை தானாகத் திரும்பும். கடைசியில் அவளை அசையாமல் நிற்கவைத்து, பையனுக்குக் கருப்பு முழுக்கைச் சட்டை மாட்டி, முந்தானை முனையை அவனிடம் கொடுத்து இழுத்து விடச் சொன்னேன். கருப்பு உடையில், விளக்கு படாத இடத்தில் நிற்கிற ஆள் படத்தில் விழவே மாட்டான். முந்தானை தானாகவே காற்றில் எழுந்ததுபோல வந்தது.

நடுவில் வந்த ஒரு படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் அவள் தலையைத் திருப்பிவிட்டாள், பின்விளக்கு கொண்டையில் அடித்துவிட்டது. கருங்கூந்தல் ஒரு தடயமும் விடவில்லை. மல்லிகை மட்டும் தலையைச் சுற்றி வெள்ளை வளையமாக ஓடியிருந்தது. அசைகிறதெல்லாம் இழுபடும் என்பது தவறு. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற பொருள்தான் இழுபடும். கருப்புச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து இழுப்பு வரவில்லையே என்றால் வராது. வெளிர் நிறம், பட்டின் பளபளப்பு, சரிகை, கண்ணாடி வேலைப்பாடு, இவை வாரிக் கொடுக்கும்.

அடுத்து, ஃபிளாஷ் எப்போது அடிக்கிறது என்பது. கேமரா வழக்கமாக ஷட்டர் திறந்தவுடன் ஃபிளாஷைச் சுடும். அப்போது முதலில் உறைந்த உருவம், அதற்குப் பிறகு அசைவு. படத்தில் இழுப்பு உருவத்துக்கு முன்னால் நீளும். பெண் முன்னே நடந்தால் பின்னே நடப்பதுபோல இருக்கும். மெனுவில் ரியர் கர்ட்டன் என்று இருப்பதைத் தேர்ந்தால் ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிக்கும். இழுப்பு பின்னால் வால்போல வரும், கண் எதிர்பார்ப்பது அதைத்தான். மாடலிடம், "அசைஞ்சுகிட்டே வந்து, வெளிச்சம் அடிக்கிறப்ப நில்லுங்க" என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், ஃபிளாஷைக் கம்பியில்லாமல் இயக்கும் ரேடியோ டிரிகர்களில் விலை குறைந்தவற்றைப் போட்டால் சில கேமராக்களில் இந்த வசதி வேலை செய்யாது. அதற்கு இரண்டு குறுக்குவழி. ஷட்டரை ஒரு வினாடிக்குக் கொண்டுபோய், டிரிகரைக் கேமராவிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை ஷட்டர் மூடும் கடைசிக் கணத்தில் அமுக்குங்கள். நான்கில் ஒன்று சரியாக வரும், அது போதும். இல்லையென்றால் அசைவையே தலைகீழாக்குங்கள்: முடிவில் வர வேண்டிய போஸில் முதலில் நிற்கச் சொல்லி, அங்கிருந்து பின்னோக்கி நகரச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாது.

இனி, நான் இந்த வேலையில் மிகவும் ரசிக்கிற ஒரு கோளாறு. ஆலஜன் பல்பு சூடாகிறது என்று அதை அணைத்துவிட்டு, ஸ்டுடியோவில் கிடந்த மலிவான எல்இடி விளக்கு ஒன்றை வைத்தோம். ஷட்டர் கால் வினாடி. வந்த படத்தில் சரிகையின் பளபளப்புப் புள்ளிகள் கோடாக இழுபடவில்லை. கோலப்புள்ளி வைத்ததுபோல விட்டுவிட்டு வந்தன. பையன் கேமரா கெட்டுவிட்டது என்று பயந்துபோனான். "எண்ணிப் பாரு" என்றேன். ஒரு வரிசையில் இருபத்தைந்து.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம், ஆக, மின்சாரத்தைச் சீராக்கும் நல்ல டிரைவர் இல்லாத எல்இடி வினாடிக்கு 100 முறை மின்னி மங்கும். கண்ணுக்குத் தெரியாது. கால் வினாடியில் 25 மின்னல், 25 புள்ளி. ஆலஜனும் அதே மின்சாரத்தில்தான் எரிகிறது, ஆனால் அதன் இழை சிவக்கச் சூடேறியிருப்பதால் அந்த நூறில் ஒரு வினாடிக்குள் அணைந்துபோவதில்லை. கோடு அறுபடாமல் வரும். வீடியோவுக்கென்று விற்கும் நல்ல எல்இடிகளிலும் இந்தத் தொல்லை இருக்காது. வாங்குவதற்கு முன் ஒரு பளபளப்பான வளையலை விளக்கின் முன் ஆட்டி, கால் வினாடியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எனக்கென்னவோ அந்தப் புள்ளி வரிசை பிடித்திருந்தது. அன்றைக்கு அந்தப் படத்தையும் வைத்துக்கொண்டோம்.

நிறம். ஃபிளாஷ் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி. ஆலஜன் 3200 வாக்கில், மஞ்சள். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஃபிளாஷுக்கு வைத்தால் முகம் இயல்பாகவும் இழுப்பு பொன்னிறமாகவும் வரும். பட்டுக்கும் சரிகைக்கும் இதைவிட இணக்கமான நிறம் கிடையாது, செலவும் இல்லை. இரண்டும் ஒரே நிறமாக வேண்டுமென்றால் ஃபிளாஷின்மேல் ஜெல் எனப்படும் வண்ணத் தாளில் ஆரஞ்சு ஒன்றைப் போட்டு, ஒயிட் பேலன்ஸை 3200க்கு இறக்க வேண்டும். விளக்கின்மேல் சிவப்பு, நீலம் என்று ஜெல் போட்டு விளையாடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பச்சைச் சேலைமேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தால் அது கருத்துத்தான் போகும். ஜெல்லைத் தேர்வதற்கு முன் துணியைப் பாருங்கள்.

ஃபிளாஷ் உறைய வைக்கும் என்று சொன்னேனே, அதிலும் ஒரு பொடி எழுத்து இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் ஃபிளாஷ் நேரம் பெரும்பாலும் டி 0.5 என்கிற அளவு. அதாவது வெளிச்சம் உச்சத்தில் பாதிக்குமேல் இருக்கும் நேரம் மட்டும். அதற்குப் பின்னும் வால் இருக்கிறது. அதையும் சேர்த்து எண்ணும் டி 0.1 அளவு சாதாரண ஃபிளாஷ்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரும். வேகமாகப் பறக்கும் முந்தானையின் நுனி ஃபிளாஷிலும் லேசாக மழுங்கினால் குற்றவாளி அந்த வால். கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷிலும் புதிய மாடல் ஸ்டுடியோ ஃபிளாஷ்கள் பலவற்றிலும் பவரைக் குறைத்தால் நேரமும் சுருங்கும். பழைய ஸ்டுடியோ ஃபிளாஷ்களில் இது தலைகீழ், பவரைக் குறைத்தால் நேரம் நீளும். உங்களுடையது எந்த ரகம் என்று ஒரு விரல் சொடுக்கைப் படமெடுத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கேமராவையே அசைப்பது, லென்ஸை ஜூம் செய்துகொண்டே சுடுவது, இவையும் இதே கணக்குத்தான். விளக்கில் தெரிவதெல்லாம் கேமரா போன திசைக்கு எதிராக இழுபடும், ஃபிளாஷ் பட்டது நிற்கும். பின்னால் நாலைந்து சின்ன பல்புகளைத் தொங்கவிட்டுச் செய்தால் சீக்கிரம் பலன் தெரியும். சீக்கிரம் அலுத்தும் போகும்.

கடைக்காரர்கள் கேட்டார்கள் என்பதற்காக எல்லாச் சேலைக்கும் இதைச் செய்யாதீர்கள். ஆன்லைனில் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது பார்டர் எத்தனை விரல்கடை, புட்டா எந்த வடிவம், மஞ்சள் எந்த மஞ்சள் என்பது. அங்கே இரண்டு சாஃப்ட்பாக்ஸ், 1/125, நேரான நிற்பு. இழுப்பு படம் அட்டைக்கும் ஹோர்டிங்குக்கும்; ஒரு சீசனுக்கு இரண்டு போதும்.

ஸ்டுடியோ வாடகைக்குக் காசில்லை என்று பையன் இழுத்தான். ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு செய் என்றேன். ஜன்னலில் போர்வை, சுவரில் கருப்புத் துணி, ஒரு பக்கம் பழைய குண்டு பல்பு, கையில் ஒரு சின்ன ஃபிளாஷ். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அக்காதான், அதே மஞ்சள் சேலை. முகம் நின்றிருந்தது, முந்தானை ஓடியிருந்தது, மூக்கு ஒன்றுதான் இருந்தது. இடதுபக்க மூலையில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு.

"இது என்னலே?" என்று கேட்டேன்.

"மிக்ஸி சுவிட்ச் போர்டு அண்ணே. டேப் ஒட்ட மறந்துட்டேன்."